ஸ்பீட் கன் எண் சரியில்லையா? முதலில் நீங்கள் நிற்கும் இடத்தைப் பாருங்கள்

கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் ஒரு சிறிய மைதானத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு எறியப் பழக்குகிறார்கள். அங்கே உதவிக்கு நிற்பவன் நான். நான் கோச் அல்ல. பந்து பொறுக்குவது, தண்ணீர்ப் போத்தல் நிரப்புவது, பந்தின் வேகத்தை அளக்கும் ஸ்பீட் கன்னைப் பிடிப்பது, இந்த மூன்றும்தான் என் வேலை. மூன்றாவதில்தான் அதிகம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். அந்த ஏச்சுகளை அறிகுறிவாரியாக இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு விளக்கம். சொஃப்ட்போல் என்று நான் சொல்வது ஒழுங்கையில் டென்னிஸ் பந்தால் ஆடுகிற கிரிக்கெட்டை அல்ல. பேஸ்போலின் தங்கச்சி விளையாட்டை. கையைக் காற்றாடிபோல் ஒரு சுற்றுச் சுற்றி, இடுப்படியில் பந்தை விடுவார்களே, அது. பெண்கள் சொஃப்ட்போலில் எறியும் பலகைக்கும் மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 13.11 மீற்றர். பேஸ்போலில் 18.44 மீற்றர். இந்த இரண்டு எண்களும் பின்னால் தேவைப்படும்.

கன் என்ன செய்கிறது என்பதை உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்கள் ஒரு வரியில் பிடித்துக்கொள்வார்கள்: டொப்ளர் விளைவு. கூவிக்கொண்டு வருகிற கரையோர ரயில் நம்மைக் கடந்ததும் சத்தம் தடித்துப் போகிறதல்லவா, அதே சங்கதிதான். கன் 24 கிகாஹேர்ட்ஸ் அளவில் ஓர் அலையை விடுகிறது. பந்தில் பட்டுத் திரும்பும் அலையின் மீடிறன் (செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பது) கொஞ்சம் மாறியிருக்கும். மணிக்கு 1 கிலோமீற்றர் வேகத்துக்குச் சுமார் 45 ஹேர்ட்ஸ் மாற்றம். கன் அந்த மாற்றத்தை எண்ணி வேகமாகக் காட்டுகிறது. தன்னை நோக்கி வரும் (அல்லது தன்னைவிட்டு விலகும்) வேகம் மட்டுந்தான் அதற்குத் தெரியும். குறுக்கே போகிற வேகம் அதன் கண்ணில் படாது. கீழே வரும் தொல்லைகளில் பாதி இதிலிருந்து பிறந்தவை.

எல்லோருடைய எண்ணும் ஒரேயடியாகக் குறைந்துவிட்டது

நான் மாட்டிக்கொண்ட முதல் விஷயம் இது. பின்னேரம் நாலரைக்குக் கடல் பக்கத்து வெயில் நேரே முகத்தில் அடிக்கும். பந்தைப் பிடிக்கும் கெச்சருக்குப் பின்னால் நின்றவன் நைசாக மாமர நிழலுக்கு நகர்ந்துவிட்டேன். ஐந்தரை மீற்றர் இருக்கும். அன்றைக்குப் பயிற்சி முடிந்ததும் ஒரு பிள்ளை வந்து நின்றாள்.

"அண்ணா, போன கிழமை எழுபத்தெட்டு. இண்டைக்கு எழுபத்திமூண்டு. என்ர கை பழுதாப் போச்சுதோ?"

கையில் ஒரு பழுதும் இல்லை, என் கோணத்தில்தான் பழுது. பந்து வரும் பாதைக்கும் கன் பார்க்கும் திசைக்கும் இடையில் கோணம் இருந்தால், கன் காட்டுவது உண்மை வேகத்தை அந்தக் கோணத்தின் கோசைனால் பெருக்கி வருகிற எண். 5 பாகைக்கு இழப்பு அரை வீதத்துக்கும் குறைவு, யாருக்கும் தெரியாது. 10 பாகையில் ஒன்றரை வீதம். 20 பாகையில் 6 வீதம். அந்தப் பிள்ளையின் 78, 73 ஆனது இப்படித்தான்: பதினைந்து மீற்றருக்கு ஐந்தரை மீற்றர் தள்ளி நின்றால் கிட்டத்தட்ட 20 பாகை. 30 பாகையில் 13 வீதத்துக்கு மேல் போய்விடும். 45 பாகையில் 29 வீதம் மாயம். ஒன்றைக் கவனியுங்கள்: கோசைன் வழு எண்ணை எப்போதும் குறைக்கும், ஒருநாளும் கூட்டாது. ஆகவே எண் கூடியிருந்தால் கோணத்தைச் சந்தேகிக்க வேண்டாம், வேறு இடத்தில் தேடுங்கள்.

மருந்து: கெச்சருக்கு நேர் பின்னால், வலைக்கு அப்பால். வெயிலுக்குத் தொப்பி.

இதன் தம்பி ஒன்று இருக்கிறது, அது இன்னும் குழப்பும். ஒரே இடத்தில்தான் நிற்கிறீர்கள், பாதையிலிருந்து ஒரு மீற்றர் மட்டும் விலகி. பெரும்பாலும் எண் சரியாக விழுகிறது. திடீரென்று ஒன்று பத்து வீதம் குறைவாக வருகிறது. காரணம், பந்து கிட்ட வர வரக் கோணம் விரிகிறது. பந்து 16 மீற்றர் தூரத்தில் இருக்கும்போது ஒரு மீற்றர் விலகல் மூன்றரைப் பாகைதான். அதே பந்து 2 மீற்றருக்கு வந்ததும் கோணம் 26 பாகையைத் தாண்டிவிடும். கன் பந்தை முன்கூட்டியே பிடித்தால் எண் சரி. விசையைப் பிந்தி அமுக்கினால், அல்லது கெச்சரின் தோள் மறைத்து கடைசி நேரத்தில்தான் பந்து தெரிந்தால், எண் குறைவு. எறிகிற பிச்சர் கையைத் தூக்கும்போதே விசையை அமுக்கிப் பிடியுங்கள், பந்து கையுறைக்குள் விழுந்த பிறகு விடுங்கள்.

உயரத்தைப் பற்றியும் கேட்பார்கள். சொஃப்ட்போலில் பந்து இடுப்படியிலிருந்து வருகிறதே, கன்னைக் கீழே இறக்க வேண்டாமா என்று. நெஞ்சு உயரத்தில் பிடித்தாலும் அந்தத் தூரத்துக்கு மூன்று நான்கு பாகைதான் வரும். முதுகை வளைத்துக் கஷ்டப்பட வேண்டாம்.

யாரும் எறியாமலே எண் விழுகிறது

பேய் இல்லை, பஸ். மைதானத்துக்குப் பின்னால் காலி வீதியோ மரைன் டிரைவோ இருந்தால் கன் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். பேஸ்போல் பந்தின் குறுக்கு வெட்டு நம் உள்ளங்கை அளவுகூட வராது. பஸ்ஸின் முகத்தையும் பக்கத்தையும் சேர்த்தால் அதைவிடப் பல ஆயிரம் மடங்கு பெரிது. திரும்பி வரும் அலையின் பலம் தூரத்தின் நாலாம் அடுக்கில் குறையும்; அதாவது தூரம் பத்து மடங்கானால் பலம் பத்தாயிரத்தில் ஒன்று. கணக்குப் பாருங்கள்: 15 மீற்றரில் வரும் பந்தும் 150 மீற்றரில் வரும் பஸ்ஸும் கன்னுக்கு ஏறக்குறைய ஒரே சத்தமாகக் கேட்கலாம். ஆகவே வீதி கன்னின் முதுகுப் பக்கம் இருக்கும்படி ஹோம் பிளேட்டை மாற்றுங்கள். முடியாவிட்டால், குறைந்தபட்ச வேகத்தை அமைக்கும் வசதி உள்ள கன்னில் அதை 50க்கு மேலே வைத்துவிடுங்கள். நம் வீதிகளில் பஸ் அந்த வேகத்துக்கு வருவதற்குள் பயிற்சி முடிந்துவிடும். (இரவு பத்து மணிக்குப் பிறகு இந்த உத்தரவாதம் செல்லாது.)

மழைக்கு மண்டபத்துக்குள் போனால் வேறு பேய். தலைக்கு மேலே சுற்றும் ஃபேன். 56 அங்குல ஃபேன் நிமிடத்துக்கு 300 சுற்றுச் சுற்றினால் இதழின் நுனி மணிக்கு 80 கிலோமீற்றருக்குக் கிட்டப் போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கணம் அந்த நுனி நேரே உங்களை நோக்கி வருகிறது. பிள்ளைகளின் எறி வேகமும் அதே 80ஐ ஒட்டித்தானே? அதனால் இந்தப் பொய் எண் பொய்யென்றே தெரியாது. ஒரு பின்னேரம் முழுக்க நான் ஃபேனின் வேகத்தைக் கொப்பியில் எழுதியிருக்கிறேன், அதுவும் ஒரு பையனின் பெயருக்கு நேரே. அவன் "முன்னேறியிருக்கிறான்" என்று எல்லோரும் கைதட்டினோம். இப்போதெல்லாம் மண்டபத்துக்குள் போனதும் முதல் வேலை, யாரும் எறியாதபோது விசையை பத்து செக்கன் அமுக்கிப் பார்ப்பது. எண் விழுந்தால் ஃபேனை நிறுத்து. ஏச்சு விழும், பரவாயில்லை. பழைய ரியூப் லைட்டும் சில கன்களைக் குழப்பும். கன்னின் மூக்கை அவற்றுக்கு நேரே காட்டாதீர்கள்.

இன்னொன்று மிகச் சாதாரணம். பிச்சருக்கு 84 விழுந்தது, அடுத்தது 61, பிறகு 83, பிறகு 59. தளர்ந்துவிட்டாளா? இல்லை. கெச்சர் பந்தைத் திருப்பி எறிவதையும் கன் எண்ணிக்கொண்டிருக்கிறது. தொடர்ச்சியாக ஓடும் நிலையில் விட்டால் இதுதான் நடக்கும். வரும் பந்து மட்டும் என்ற அமைப்பு இருந்தால் அதைப் போடுங்கள்.

நம்பவே முடியாத பெரிய எண்

2020 ஜனவரியில் தென்னாபிரிக்காவில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தில், இந்தியாவுக்கு எதிரான ஆட்டத்தில் நம் மதீஷ பத்திரன வீசிய ஒரு வைட் பந்துக்குத் திரையில் 175 விழுந்தது. அந்த வாரம் கொழும்பில் அதைப் பேசாத தேநீர்க் கடை இல்லை. ஆனால் சாதனைப் புத்தகத்தில் அது ஏறவில்லை. 2003 உலகக் கிண்ணத்தில் சொயிப் அக்தர் வீசிய 161.3தான் இன்றும் அங்கே இருக்கிறது. சர்வதேச ஆட்டத்தின் கருவிக்கே அது நடக்குமென்றால் நம் கையில் இருப்பதற்கு நடக்காதா?

பெரிய எண்ணைக் கண்டதும் உச்சவரம்போடு ஒப்பிடுங்கள். பெண்கள் சொஃப்ட்போலில் மொனிக்கா அபொட் 2012இல் எறிந்த 77 மைல், அதாவது மணிக்கு 124 கிலோமீற்றர், கின்னஸில் ஏறியது. 2025இல் கார்லின் பிக்கன்ஸ் அதைத் தாண்டி 79.4 மைல், சுமார் 128 கிலோமீற்றர் எறிந்தார். உங்கள் பதினாலு வயதுப் பிள்ளைக்கு 130 விழுந்தால் பட்டாசு கொளுத்த முன் கன்னைப் பாருங்கள்.

வழக்கமான காரணம், மட்டையாளர் நிற்கும்போது அளப்பது. கன் பந்தை விட்டுவிட்டு சுழலும் மட்டையைப் பிடிக்கும், அல்லது அடிபட்டுத் திரும்பிப் போகிற பந்தைப் பிடிக்கும். எறி வேகம் அளக்கும்போது மட்டையாளர் வேண்டாம். பக்கத்தில் இன்னொருவர் அதே ரகக் கன் வைத்திருந்தால் ஒன்றின் அலை மற்றதற்குள் புகுந்தும் கூத்து நடக்கும். மாறி மாறி அளவுங்கள்.

எதிர்ப்பக்கத்துத் தவறும் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து மாமா அனுப்பிய கன் மைலில் பேசும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த பையனுக்கு 55 என்று சொன்னால் முகம் செத்துவிடும். 55 மைல் என்பது 88 கிலோமீற்றர். பெட்டியைத் திறந்தவுடனே அலகை மாற்றிவிட்டு, பின்பக்கத்தில் ஒரு பிளாஸ்டர் ஒட்டி எழுதி வையுங்கள்.

ஒன்றுமே விழவில்லை

பற்றரி. பத்தில் ஆறு முறை அதுதான். சாதாரண பற்றரி 1.5 வோல்ற், மின்னேற்றுகிறவை 1.2 வோல்ற். இரண்டு போடும் கன்னுக்கு 3 வோல்ற்றுக்குப் பதிலாக 2.4தான் கிடைக்கும். திரை எரியும், ஆனால் தூரத்துப் பந்தைப் பிடிக்கத் திராணி இருக்காது. சி அளவு பற்றரி கேட்கும் கன் என்றால் தெருமுனைக் கடையை நம்பாதீர்கள், புறக்கோட்டைக்குப் போகும்போது நாலு சேர்த்து வாங்கி வையுங்கள்.

அடுத்தது வலை. நைலோன் வலை அலைக்குத் தடையில்லை. கம்பி வலை தடை. இந்த அலையின் நீளம் 12 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். கோழிக்கூட்டுக்கு அடிக்கிற நெருக்கமான கம்பி வலையின் கண் இதற்குக் கிட்ட வந்தாலே அலைக்கு அது பாதிச் சுவர்போல. பெரிய கண் உள்ள வேலிக் கம்பியென்றால் கன்னின் மூக்கை ஒரு கண்ணுக்குள் ஒட்டிவைத்தாற்போல் பிடித்தால் போதும். ஒக்டோபர், நவம்பர் பின்னேர மழையில் கன்னைப் பொலித்தீனில் சுற்றிப் பிடிப்பவர்களுக்கு: பொலித்தீன் பிரச்சினையில்லை, அதில் படியும் தண்ணீர்தான் அலையைக் குடித்துவிடும். இடி கேட்டால் கன்னும் வேண்டாம், மைதானமும் வேண்டாம்.

இரண்டு கன், இரண்டு எண், எதை நம்புவது?

இரண்டையுமே நம்பலாம். கையை விட்ட பந்து காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது வேகத்தை இழக்கிறது. பேஸ்போலில் கைக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே ஏறக்குறைய 8 முதல் 10 வீதம் போய்விடும். ஒரு கன் கையை விட்ட கணத்து உச்சத்தைக் காட்டும், இன்னொன்று பிளேட்டுக்குக் கிட்ட வந்த பந்தைக் காட்டும். 100 என்று ஒருவரும் 92 என்று மற்றவரும் சொல்லிச் சண்டை பிடித்தால் பெரும்பாலும் இருவரும் ஒரே எறியைத்தான் சொல்கிறார்கள்.

அமெரிக்கர்களுக்கே இந்தச் சண்டை பழசு. 1970களில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகக் கோச் டானி லிட்வைலர், வளாகப் பொலிஸ் வாகன வேகம் பார்ப்பதைக் கண்டு அதைப் பேஸ்போலுக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்து பிறந்தது ஜக்ஸ் கன். அதோடு ரேகன் என்று இன்னொன்றும் புழக்கத்தில் இருந்தது. புதிய வீரர்களைத் தேடிப் போகிறவர்கள் முதலாவதை வேகக் கன் என்றும் மற்றதை மந்தக் கன் என்றும் சொல்வார்கள், ஏனென்றால் ஒன்று கைக்குக் கிட்டவும் மற்றது பிளேட்டுக்குக் கிட்டவும் அளந்தது. 1974இல் பேஸ்போல் பிச்சர் நோலன் ரையனுக்கு விழுந்த 100.9 மைல், பந்து பிளேட்டை நெருங்கிய பிறகு எடுத்தது. 2010இல் இன்னொரு பிச்சரான அரோல்டிஸ் சப்மனுக்குச் சொல்லும் 105.8 அப்படியல்ல, கைப்பக்கத்து வேகம். இரண்டையும் நேருக்கு நேர் வைத்து யார் வேகம் என்று முடிவுகட்டுவது முறையில்லை. 2017இல் அங்கே அளவை முறை மாறி, கையை விட்ட கணத்தையே எடுக்கத் தொடங்கியதும் அந்த ஆண்டு எல்லாப் பிச்சர்களும் ஒன்றாகச் சற்று வேகமானதுபோல் புள்ளிவிவரம் காட்டியது. ஒருவரும் வேகமாகவில்லை.

உங்கள் கன் எதைக் காட்டுகிறது என்று கையேட்டில் பாருங்கள். பிறகு ஒரே கன்னோடு இருங்கள்.

கன்னே பிழையோ என்று சந்தேகமென்றால், சில மாதிரிகளோடு, தட்டினால் ஒரே சீராக அதிரும் ஓர் இசைக்கவை வரும். தட்டி மூக்குக்கு முன்னே பிடித்தால் கவையில் எழுதிய வேகம் திரையில் விழ வேண்டும். ஒரு கன்னின் கவை வேறு மீடிறன் உள்ள கன்னுக்குப் பொருந்தாது. கவை இல்லாதவர்கள் ஒரு ஓட்டோ அண்ணாவைப் பிடியுங்கள். ஞாயிறு காலை மைதானத்தின் உள்வீதியில் போன் ஜிபிஎஸ்ஸைப் பார்த்து ஒரே சீராக 30இல் நேரே உங்களை நோக்கி வரச் சொல்லுங்கள். 29, 30, 31 விழுந்தால் கன் நல்லது. பொது வீதியில் இதைச் செய்யாதீர்கள். நான் செய்தேன், எதிரே வந்த அத்தனை பேரும் ஹெல்மெட்டைச் சரிசெய்தார்கள்.

கன் இல்லை, போனில் அளந்தால் எண் துள்ளுகிறது

வழி எளிது: பக்கத்திலிருந்து வீடியோ எடுத்து, கையை விட்ட படத்திலிருந்து கையுறையில் பட்ட படம்வரை எண்ணி, தூரத்தை நேரத்தால் வகுப்பது. துள்ளுவதற்கு மூன்று காரணம்.

ஒன்று, சாதாரண வீடியோ செக்கனுக்கு 30 படம். 100ஐ ஒட்டிய எறிக்கு மொத்தமே 18 படம்தான் வரும். ஒரு படம் முன்பின் எண்ணினால் 94 என்றும் வரும், 105 என்றும் வரும். ஸ்லோமோஷனில் 240 படம் எடுத்தால் அதே எறிக்கு 144 படம், ஒரு படத் தவறு ஒரு கிலோமீற்றர்கூட வராது. வெளிச்சம் மங்கிய பிறகு சில போன்கள் சத்தமில்லாமல் பட எண்ணிக்கையைக் குறைத்துவிடும். ஆறு மணிக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

இரண்டு, தூரம். பலரும் 18.44ஐ அப்படியே போடுகிறார்கள். பிச்சர் பலகையில் நின்று எறிவதில்லையே, நீட்டிக் கால் வைத்துக் கிட்டத்தட்ட இரண்டு மீற்றர் முன்னுக்கு வந்துதான் விடுகிறார். 0.6 செக்கன் எடுத்த எறிக்கு 16.5 மீற்றர் போட்டால் 99, 18.44 போட்டால் 110க்கு மேல். பதினொரு கிலோமீற்றர் சும்மா கிடைக்கிறது. விடும் இடத்தில் மண்ணில் ஒரு கோடு கீறி, கெச்சரின் கையுறைவரை நாடாவால் அளவுங்கள். இப்படி வருவதும் சராசரி வேகம்தான், கையை விட்ட வேகம் இதைவிட நாலைந்து வீதம் கூட.

மூன்று, சத்தத்தை வைத்து முடிவை எடுப்பது. பிச்சர் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு கையுறைச் சத்தம் கேட்டதும் நிறுத்தினால், அந்தச் சத்தம் 18 மீற்றர் திரும்பி வர 0.05 செக்கன் எடுக்கும். 0.6இல் 0.05 என்பது எட்டு வீதம். போனைக் கெச்சர் பக்கம் வையுங்கள், அல்லது சத்தத்தை விட்டுப் படத்தைப் பாருங்கள். கைக்கடிகார நிறுத்தியை அமுக்கி அளப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். நம் விரலின் தாமதமே எறியின் கால்வாசி வரும்.

கன் சரி, கோணம் சரி, ஆனாலும் எண் இறங்குகிறது

இங்கேதான் கையைப் பார்க்க வேண்டும். நனைந்த பந்தா, பாரம் கூடிய பழைய பந்தா, 11 அங்குலப் பந்திலிருந்து 12 அங்குலத்துக்கு மாறினாளா? ஓடிவந்து எறிந்ததையும் நின்று எறிந்ததையும் ஒரே நிரலில் எழுதிவிட்டீர்களா? நம் ஊர் எல்லே ஆட்டத்தில் ஓடிவந்து வீசிப் பழகிய பையன்கள் ஓட்டத்தோடு எறிந்த எண்ணைத் தங்கள் எண் என்று பிடித்துக்கொள்வார்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் எறிகளை எண்ணுங்கள். அமெரிக்க பேஸ்போலின் பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டி 11, 12 வயதுக்கு ஒரு நாளில் 85, 13 முதல் 16 வரை 95 என்று எல்லை போடுகிறது, அதன்பின் ஓய்வு நாட்களும் சொல்கிறது. சனிக்கிழமை காலை பள்ளிக்கூடத்தில் எறிந்துவிட்டுப் பின்னேரம் எங்களிடம் வருகிற பிள்ளை இரண்டையும் கூட்டிச் சொல்ல மாட்டாள். கேட்டுத்தான் அறிய வேண்டும். முழங்கை நோவு என்றால் கன்னைப் பையில் போடுங்கள்.

பிள்ளை ஒவ்வொரு எறிக்கும் தலையைத் திருப்பித் திரையைப் பார்க்கிறாள்

பழைய கதையின் அந்த 73 பிள்ளைதான். கோணத்தைச் சரிசெய்த பிறகு 78 திரும்பி வந்தது, ஆனால் பந்து கையை விட்டதுமே கழுத்து என் பக்கம் திரும்பத் தொடங்கிவிட்டது. தோள் திறந்து பந்து வெளியே போனது. திரையில் பிளாஸ்டர் ஒட்டினேன். எண்ணை நான் மட்டும் குனிந்து பார்த்துக் கொப்பியில் எழுதினேன்: திகதி, பந்து, நின்ற இடம், பத்து எறி. பயிற்சி முடிந்த பிறகுதான் கொப்பி கைக்குப் போகும்.

முதல் கிழமை முழுக்க என்னோடு கதைக்கவில்லை. இரண்டாவது கிழமை கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதில மூண்டாவது ஃபேன் இல்லைத்தானே?" என்று கேட்டாள்.